அண்ணைக்கு வெட்டின கறுப்புக் கல்லு

1

கனடாவிலை, பிறம்ரனிலை எங்கடை வீட்டுக் கராஜுக்குள்ளை ஒரு கல்லறைக் கல்லு நிக்குது. கறுப்புக் கிறனைற், முகம் பாத்துத் தலை இழுக்கலாம், அவ்வளவு மினுக்கம். அதிலை என்ரை அண்ணையின்ரை படம், பேர், பிறந்த நாள், இறந்த நாள், கீழை எங்கடை குடும்பத்து ஆக்களின்ரை பேரெல்லாம் வெட்டிக் கிடக்குது. ஒரு பக்கம் பனிக்கால ரயர், மற்றப் பக்கம் புல்லு வெட்டுற மிசின், நடுவிலை அண்ணை. ஆனால் அண்ணை அங்கை இல்லை. அவர் வேல்ஸ் நாட்டிலை, ஒரு மலையடிக் கிராமத்திலை, எழுநூறு வருசப் பழைய கிறிஸ்தவக் கோயில் ஒண்டின்ரை சேமக்காலையிலை படுத்திருக்கிறார்.

அண்மையிலை அவற்ரை முதலாம் ஆண்டுப் பூசை இஞ்சை குடுப்பிச்சனாங்கள். பூசை முடிய சனம் வீட்டை வந்து சாப்பிட்டுது. கதிரை எடுக்கக் கராஜைத் திறந்த ஒருத்தர் போர்வையை விலத்திப் பாத்துப்போட்டு, "உதென்ன அண்ணை, கல்லு இன்னும் இஞ்சையோ நிக்குது?" எண்டு எல்லாருக்கும் கேக்கத் தக்கதாக் கேட்டிட்டார். சோத்துக் கோப்பையோடை நிண்ட அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாத்திச்சினம். "அனுப்புறதிலை கொஞ்சம் சிக்கல்" எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

ஊரிலை இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நான் சமாளிக்கத் தேவையில்லை. அனுப்புறதிலை ஒரு சிக்கலும் இல்லை. முழுக் கதையையும் சொல்லிவிடுறன், இல்லாட்டி நெஞ்சுக்குள்ளை கிடந்து அழுத்துது.

2

நாங்கள் தீவுப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர். ஐயா எங்கடை சின்ன வயதிலையே செத்துப்போனார். அம்மா தையல் மிசினோடை இருந்து எங்களை வளத்தவ. அண்ணை யேசுதாசன் மூத்தவர், நான் அடுத்தவன், கடைசித் தங்கச்சி இப்பவும் அம்மாவோடை யாழ்ப்பாணத்திலை இருக்கிறாள்.

சண்டை தொடங்க அம்மா முதலிலை அண்ணையை லண்டனுக்கு அனுப்பினா, பிறகு என்னைக் கனடாவுக்கு. நான் வந்திறங்கினது பார்க்டேலிலை, ஒரு அறைக்குள்ளை ஆறு பேர். அண்ணை இரவிலை பெற்றோல் செற்றிலை நிண்டு, பகலிலை தாதி வேலை படிச்சார். படிச்சு முடிய வேலை கிடைச்சது வேல்ஸிலை. "கொஞ்சக் காலம்தான், லண்டனுக்குத் திரும்பி வந்திடுவன்" எண்டு சொல்லிப் போன மனிசன் அங்கையே வேர் விட்டிட்டார். கூட வேலை செய்த மேகனைக் கலியாணம் கட்டினார். பிள்ளையள் இல்லை.

அவர் போன் எடுத்தால் கதை முழுக்க அந்த ஊர்க் கோயில்தான். "டேய் தம்பி, இது கட்டேக்கை பறங்கி எங்கடை ஊருக்கு வரவுமில்லை, எங்கடை ஆக்கள் வேதத்திலை சேரவுமில்லை" எண்டு பெருமை அடிப்பார். கூரைக்குள்ளை வௌவால் இருக்காம், சட்டப்படி கலைக்கேலாதாம். பாதுகாக்கப்பட்ட கட்டடம் எண்டபடியால் சுவரிலை ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி எடுக்க வேணுமாம். ஞாயிறு வழிபாட்டுக்கு ஏழெட்டுப் பேர்தான் வருவினமாம். ஊர்ச்சனம் சேர்ந்து அவரைக் கோயில் மூப்பர் ஆக்கினவையாம். நான் போனை ஸ்பீக்கரிலை போட்டிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டு "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" எண்டு கொண்டிருப்பன். சில நேரம் ரீவியிலை ஹொக்கி போகும், சத்தத்தைக் குறைச்சுப்போட்டு ஓம் கொட்டுவன்.

அம்மாவுக்குத்தான் முதலிலை மனவருத்தம். அது கத்தோலிக்கக் கோயில் இல்லை, ஆங்கிலிக்கன் கோயில். "எங்கடை வேதத்தை விட்டிட்டியோடா?" எண்டு கேட்டவவாம். "கத்தோலிக்கக் கோயிலுக்குக் கார் ஓடி ஒரு மணித்தியாலம் அம்மா. இதைக் கட்டினதும் சபை பிரிய முன்னம் இருந்த கத்தோலிக்கர்தான். அப்ப எல்லாரும் ஒண்டுதானே" எண்டு அண்ணை சொன்னவராம். அதோடை அம்மா சமாதானமாகிட்டா எண்டு தங்கச்சி சொன்னாள்.

அண்ணை ரொறன்ரோவுக்கு வந்தவர். என்ரை கலியாணத்துக்கு வந்து எனக்குக் கோட்டுப் போட்டுவிட்டவர். மகள் அனிற்றாவின்ரை முதல் நன்மைச் சடங்குக்கும் வந்தவர். நான்தான் அவற்ரை ஊருக்குப் போகேல்லை. லண்டனுக்குப் போகாமலில்லை கண்டியளோ. என்ரை மனிசி றீற்றாவின்ரை மாமா மகளுக்கு ஈஸ்ட்ஹாமிலை கலியாணம் எண்டு குடும்பமாப் போய் ஒரு கிழமை நிண்டனாங்கள். "றெயின் ஏறினால் பின்னேரம் வந்திடுவாய், ஸ்ரேசனுக்குக் காரோடை வாறன்" எண்டு அண்ணை கேட்டார். "இந்த முறை நேரம் இல்லை அண்ணை, அடுத்த முறை கட்டாயம்" எண்டன். அண்டைக்குப் பகல் முழுக்க நாங்கள் சீலைக்கடையளிலை திரிஞ்சனாங்கள். கடைசியிலை அண்ணையும் அண்ணியும்தான் கலியாண மண்டபத்துக்கு வந்து எங்களைப் பாத்துப்போட்டுப் போச்சினம்.

அங்கை என்ன இருக்கு, ஆடும் மழையும்தானே எண்டுதான் அப்ப நினைச்சன். எவ்வளவு விசர் நினைப்பு.

3

போன வருசம் மாசி மாதம் அண்ணை மாரடைப்பிலை செத்துப்போனார். அந்தக் கிழமை இஞ்சை பனி கொட்டோ கொட்டெண்டு கொட்டினது. ரிக்கற் போட்டும் பிளேன் எழும்பேல்லை. செத்தவீட்டைப் போனிலைதான் பாத்தன். ஆரோ ஒரு பெடிச்சி போனைப் பிடிச்சுக் காட்டினாள். கோயில் வாசல் மட்டும் படம் வந்தது. பெட்டியை உள்ளை கொண்டுபோக, அந்தத் தடிச்ச கல்லுச் சுவருக்குள்ளை சிக்னல் அறுந்துபோச்சுது. அண்ணையின்ரை பெட்டியின்ரை பின்பக்கம் அப்பிடியே திரையிலை நிண்டது. நான் சோபாவிலை இருந்து அதைப் பாத்துக்கொண்டு குழறினன், வேறை என்ன செய்யிறது.

அம்மா யாழ்ப்பாணத்திலை இருந்து பாத்தவ. அடுத்த நாள் எடுத்துக் கதைக்கேக்கை, "தம்பி, ஒருக்கா அவன் கிடக்கிற இடத்துக்குப் போட்டு வா" எண்டா.

"போவன் அம்மா. முதலிலை ஒரு நல்ல கல்லா வைப்பிப்பம். அண்ணையின்ரை படத்தோடை, தமிழ் எழுத்தோடை. நீங்கள் அதைப் பாக்கத்தானே வேணும்" எண்டன்.

 "உன்ரை விருப்பம்" எண்டா அம்மா.

மேகன் அண்ணிக்கும் சொன்னன். அவ எனக்கு அண்ணி, நான் தமிழிலைதான் அண்ணி எண்டு கூப்பிடுறனான், அவவும் ஓம் எண்டுவா. "கல்லு என்ரை பொறுப்பு, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" எண்டன். "அது உங்கடை நல்ல மனது. பாப்பம், ஆறுதலாப் பாப்பம்" எண்டு ஆங்கிலத்திலை சொன்னா. எங்கடை ஆக்களுக்கு ஒருத்தர் "வேண்டாம்" எண்டு நேரை சொல்லேல்லை எண்டால் அது சம்மதம்தானே. நானும் சம்மதம் எண்டே எடுத்திட்டன்.

அடுத்த சனியே ஸ்காபரோவிலை கல்லு வெட்டுற கடைக்குப் போனன். தமிழ்ப் பெடியன்தான் நடத்திறான். "அண்ணை, அங்கத்தைய சேமக்காலையிலை கேட்டிட்டியளோ? சில இடங்களிலை சட்டதிட்டம் இருக்கு" எண்டு அவன் கேட்டவன், பொய் சொல்லக் கூடாது. "ஓம் ஓம், அவர் அந்தக் கோயிலின்ரை மூப்பரா இருந்தவர். அவருக்கு ஆர் மாட்டன் எண்டப் போகினம்?" எண்டன். இஞ்சை எங்கடை சனத்துக்கு எல்லாம் அப்பிடித்தானே வைக்கிறம். கறுப்புக் கல்லு, கோட்டுச்சூட்டோடை படம், மண்ணில் எண்டு ஒரு திகதி, விண்ணில் எண்டு ஒரு திகதி, கீழை கண்ணீரோடை பிரிஞ்சு வாடுற ஆக்களின்ரை பேர் வரிசை. மரண அறிவித்தலை அப்பிடியே கல்லிலை அடிச்ச மாதிரித்தான் இருக்கும். வேறை விதமா ஒரு கல்லு இருக்கலாம் எண்டே எனக்குத் தோணேல்லை.

கல்லு வந்து இறங்கின அண்டு றீற்றா சுத்திச் சுத்திப் பாத்தா. "வடிவாத்தான் கிடக்கு. ஆனால் இஞ்சேருங்கோ, உங்கடை பேர் அவற்ரை பேரளவுக்குப் பெரிசாக் கிடக்கே" எண்டா.

"கடைக்காரன் அளவு பிழைச்சுப்போட்டான்" எண்டு சொல்லிப் போர்வையாலை மூடினன்.

4

அனுப்புறதுக்கு முன்னம் கோயிலுக்கு அறிவிக்க வேணும் எண்டு அண்ணி சொல்ல, அனிற்றாவைக் கொண்டு ஒரு ஈமெயில் எழுதுவிச்சன். மகள் மிசிசாகாவிலை ஒரு ஒஃபிசிலை வேலை, உப்பிடியான எழுத்து வேலையளிலை கெட்டிக்காரி. கல்லின்ரை படத்தையும் சேத்து அனுப்பினாள். மறுமொழி வர ஒரு மாதம். அதுவும் மறுமொழி இல்லை, ஒரு விண்ணப்பம். கல்லின்ரை உயரம், அகலம், எந்த மலையிலை வெட்டினது, மினுக்கினதோ மினுக்காததோ எண்டு கேள்விக்கு மேலை கேள்வி. கடைசியிலை தெரிஞ்சுது, கோயில் காரியங்களுக்கெண்டே அவையளிட்டை ஒரு தனி நீதவான் இருக்கிறார் எண்டு. கல்லு நடவும் வழக்குப் பேச வேணும். கடவுளே, எங்கடை ஊரிலை பங்குச் சுவாமியாரிட்டை ஒரு சொல்லுச் சொன்னால் காணும்.

ஆவணி மாதம் முடிவு வந்தது. அனிற்றா லப்ரொப்பை மூடிப்போட்டு, "அப்பா, தே செட் நோ" எண்டாள்.

"ஏனாம்?"

"பொலிஷ்ட் ஸ்ரோன் கூடாதாம். போட்டோ கூடாதாம். அந்த ஊர்க் கல்லு மட்டும்தானாம். இட்ஸ் அ புரொடெக்ரட் சேர்ச் அப்பா, வெளி வளவும் சேத்துத்தான்."

"திருப்பி எழுது. எண்பத்தாறு வயதுத் தாய் ஒருத்தி இதைப் பாக்கக் காத்துக்கொண்டிருக்கிறா எண்டு எழுது. அம்மாவுக்காகக் கேக்கிறம் எண்டு எழுது."

அவள் என்னை ஒரு மாதிரிப் பாத்தாள். "அப்பம்மா ரியலி வோண்ட்ஸ் திஸ்? யுவர் பிரதர் இதை விரும்புவாரோ?" எண்டாள்.

எனக்குச் சுள்ளெண்டு ஏறினது கேள்வி இல்லை, அந்த "யுவர் பிரதர்". பெரியப்பா எண்டு சொல்ல அவளுக்கு வாய் வரேல்லை. அவளைப் பேசினன். பேசின பிறகுதான் யோசிச்சன், அந்த மனிசனை அவள் எட்டு வயதிலை கண்டவள், பிறகு கலியாண மண்டபத்திலை ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். பெரியப்பா எண்டு அவள் ஆரைச் சொல்லுறது?

திருப்பி எழுதியும் அதே பதில்தான். கடைசி வரியிலை மட்டும், "இது பற்றி இப்பத்தைய கோயில் மூப்பர் திருமதி பிரைஸோடை நேரிலை கதைக்கலாம்" எண்டு கிடந்தது. நேரிலை போனால் வெட்டியாடலாம், ஆரையும் பிடிச்சுச் செய்விக்கலாம் எண்டு எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. வேலையிலை லீவு எடுத்தன். அண்ணை இருக்கேக்கை கிடைக்காத லீவு கல்லுக்கெண்டு கேக்க உடனை கிடைச்சது.

5

ஐப்பசியிலை போனன். அண்ணி அண்ணையின்ரை காரிலைதான் ஸ்ரேசனுக்கு வந்தா. ஒரு மணித்தியாலம் ஒடுங்கல் றோட்டிலை ஓடினம். முன்னுக்கு ஒரு கார் வந்தால் ஒருத்தர் பின்னுக்குப் போக வேணும், அவ்வளவு ஒடுக்கம். ரண்டு பக்கமும் வேலி, வேலிக்கு அப்பாலை ஆடு.

அடுத்த நாள் காலமை கோயிலுக்குப் போனம். அண்ணை இவ்வளவு கதைச்ச கோயில் எப்பிடியும் பெரிசா இருக்கும் எண்டுதான் நினைச்சிருந்தன். எங்கடை ஊர்க் கோயிலின்ரை காற்பங்கு வராது. வட்டமாக் கட்டின கல்லு மதில், மதிலைச் சுத்திக் கிழட்டு யூ மரங்கள், குனிஞ்சு போற வாசல். உள்ளை ஈரக் குளிர். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரிலை ஒரு இடத்திலை மட்டும் சுண்ணாம்பு கழண்டு, பழைய சிவப்புச் சித்திரம் ஒண்டின்ரை காலும் சீலைக் கரையும் தெரிஞ்சுது. பீடத்துக்கு முன்னாலை மரத்திலை கொடியும் இலையும் செதுக்கின ஒரு தட்டி, எத்தினை தலைமுறை கை தொட்டுத் தொட்டுக் கறுத்துப்போச்சுது. பீடத்தை ஒரு பழைய பெற்சீற்றாலை மூடியிருந்திச்சினம், வௌவால் எச்சத்துக்கு. "ஒவ்வொரு சனியும் அவர்தான் இதைத் தோய்ச்சுக் காயப்போடுறவர்" எண்டா அண்ணி. வீட்டிலை ஒரு சேட்டுத் தோய்க்காத என்ரை அண்ணை.

சேமக்காலையிலை அவற்ரை இடம் மதிலோரம். புல்லு முளைச்ச மேடு, தலைமாட்டிலை ஒரு சின்ன மரச்சிலுவை. சுத்திவரப் பாத்தன். எல்லாம் சாம்பல் நிறச் சிலேற்றுக் கல்லு, நாங்கள் ஆனா ஆவன்னா எழுதிப் பழகின சிலேற் மாதிரி. சிலது சரிஞ்சு, சிலது பாசி பிடிச்சு. ஒண்டிலும் ஒரு முகம் இல்லை. முழங்கால் போட்டுச் செபிப்பம் எண்டு பாத்தால் வார்த்தை வரேல்லை. "அண்ணை, வந்திட்டன்" எண்டு மட்டும் சொன்னன். வெக்கமாக் கிடந்தது.

அப்பதான் திருமதி பிரைஸ் வந்தா. எழுபத்தைஞ்சு வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், ஆட்டுப்பட்டியிலை இருந்து நேரை வந்திருக்கிறா. வெறுங்கையோடை போகக் கூடாது எண்டு றீற்றா தந்துவிட்ட மேப்பிள் சிறப் போத்தலைக் குடுத்தன். பிறகு போனிலை கல்லின்ரை படத்தைக் காட்டி, அம்மாவின்ரை வயதைச் சொல்லி, அண்ணை இந்தக் கோயிலுக்கு எவ்வளவு செய்தவர் எண்டு சொல்லி, ஒரே மூச்சிலை கொட்டினன். மனுசி படத்தைப் பெரிசாக்கிப் பாத்தா. "நல்ல முகம். டாஸின்ரை சிரிப்பு அப்பிடியே கிடக்கு" எண்டா. அங்கை எல்லாருக்கும் அவர் டாஸ். பிறகு "வாங்கோ" எண்டு என்னைக் கொஞ்சத் தூரம் கூட்டிக்கொண்டு போனா.

ஒரு சின்னச் சிலேற்றுக் கல்லு. ஒரு பேர், ரண்டு திகதி, வேல்ஸ் பாசையிலை ஒரு வரி.

"இது என்ரை மனிசன். நான் கேட்ட கல்லு இதில்லை" எண்டா. "நானும் கறுப்புக் கல்லுத்தான் கேட்டனான். அவர் தன்ரை டிராக்டரோடை நிக்கிற படம் போட்டு. உங்கடை அண்ணைதான் மாட்டன் எண்டவர்."

"அண்ணையோ?"

"அப்ப அவர்தானே மூப்பர். கடிதம் போடாமல் என்ரை குசினிக்கு வந்து, தேத்தண்ணி குடிச்சு, என்ரை மூஞ்சைக்கு நேரை மாட்டன் எண்டவர். வந்து குடியேறின ஆள் எனக்குச் சட்டம் சொல்லுறதோ எண்டு கத்தினன். அந்த மாரி முழுக்க நான் அவரோடை கதைக்கேல்லை. வயல் வழியாலை அவர் வாறதைக் கண்டால் கதவைச் சாத்திப்போடுவன்."

அண்ணைக்காக நான் மன்னிப்புக் கேட்டன். 

"பிறகு ஒருநாள் மழையிலை வாசலிலை நிண்டார்" எண்டு மனுசி சொன்னா. "உள்ளை வந்து சொன்னார்: 'எனக்கும் ஆசைதான். என்ரை முகத்தை வைச்சால் என்ரை அம்மா அங்கை இருந்து பாப்பா. ஆனால் நான் கேக்க மாட்டன். இஞ்சை இவ்வளவு காலமா ஒருத்தரும் வைக்கேல்லை. நான் மட்டும் வைச்சால், செத்த பிறகும் நான் விருந்தாளிதான். எனக்கு இந்த ஊர் ஆளாக் கிடக்க வேணும்.' அதோடை என்ரை கோவம் போட்டுது."

மனுசி என்ரை கையைப் பிடிச்சா. "நீங்கள் திருப்பியும் கேளுங்கோ எண்டால், நான் மேலிடத்துக்கு எழுதுறன். எனக்குப் பழி தீர்க்கிற எண்ணம் ஒண்டுமில்லை. ஆனால் அவர் கோவிப்பார் எண்டு எனக்குத் தெரியும்."

திரும்பி அண்ணியைப் பாத்தன். "உங்களுக்கு உது முந்தியே தெரியுமோ?" எண்டு கேட்டன்.

"தெரியும்."

எனக்கு விசர் வந்திட்டுது. "தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை? ஒரு வசனம் சொல்லியிருந்தால் நான் உந்தக் கூத்தெல்லாம் ஆடியிருக்க மாட்டனே!" எண்டு சேமக்காலைக்குள்ளை நிண்டு கத்தினன். ஆடுகள்கூட நிமிந்து பாத்துது.

அண்ணி கத்தேல்லை. "நீங்கள் போனிலை அப்பிடி அழுதீங்கள். உங்களுக்கு அவருக்கெண்டு ஏதாவது செய்ய வேணும் போலை இருந்தது. அதை எப்பிடி நான் வேண்டாம் எண்டுறது?" எண்டா.

நான் மதிலிலை இருந்திட்டன். என்ரை அண்ணை என்ன மாதிரிக் கிடக்க விரும்பினவர் எண்டு ஆடு மேய்க்கிற மனுசிக்குத் தெரியுது. கூடப் பிறந்த எனக்குத் தெரியேல்லை. அண்டைக்கு முழுக்க எனக்கு அதுதான் குத்திக்கொண்டு கிடந்தது.

வெளிக்கிட முன்னம் மனுசியிட்டை ஒண்டே ஒண்டு கேட்டன். சிலேற்றுக் கல்லெண்டாலும் அவற்ரை பேரைத் தமிழிலையும் வெட்டலாமோ எண்டு. "ஏன் வெட்டேலாது?" எண்டா. "எங்கடை பாசையையும் ஒரு காலத்திலை பள்ளிக்கூடத்திலை கதைக்க விடேல்லை. எழுத்துக்கு ஆர் தடை சொன்னாலும் நான் சண்டை பிடிப்பன்." அண்ணியிட்டைப் பேரை எழுதிக் குடுத்தன். கல்லு வெட்டுற ஆளுக்கு விளங்கத் தக்கதா ஒவ்வொரு எழுத்தும் பெரிசு பெரிசா எழுதினன்.

6

திரும்பி வந்து ஸ்காபரோக் கடைக்குப் போன் எடுத்தன். பெடியன் நல்ல பிள்ளை, "சொன்னனான்தானே" எண்டு குத்திக் காட்டேல்லை. "கல்லைக் கொண்டு வாங்கோ அண்ணை. முகத்தையும் எழுத்தையும் அரைச்சு எடுத்துப்போட்டு வேறை ஆருக்கும் குடுக்கலாம், அரைவாசிக் காசு திருப்பித் தாறன்" எண்டான். அண்ணையின்ரை முகத்தை மிசினாலை அரைக்க விட எனக்கு மனம் வரேல்லை. "பிறகு பாப்பம்" எண்டு வைச்சிட்டன். அதுதான் கல்லு இன்னும் கராஜிலை நிக்குது. றீற்றாவும் ஒண்டும் சொல்லுறதில்லை. காரை இப்ப வெளியிலை பனிக்குள்ளைதான் விடுறா.

அனிற்றாவுக்கு முழுக் கதையையும் சொன்னன். இந்த முறை அவள் போனைப் பாக்காமல் கேட்டாள். கேட்டு முடிய, "ஹீ சவுண்ட்ஸ் லைக் சம்வன் ஐ வுட் லைக்" எண்டாள். "பெரியப்பாவைப் பற்றி வேறை ஏதாவது சொல்லுங்கோ அப்பா."

பெரியப்பா எண்டாள்.  சொல்லுவம் எண்டு வாயைத் திறந்தன். சின்னனிலை கடலுக்குள்ளை விழுந்த என்னை அண்ணை இழுத்துக்கொண்டு வந்த கதையைச் சொன்னன், கோட்டுப் போட்டுவிட்ட கதையைச் சொன்னன். அதுக்கு மேலை ஒண்டும் வரேல்லை. ஓம் கொட்டிக்கொண்டு கோப்பை கழுவினவனுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது?

7

அம்மாவுக்குச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக் கொண்டிருந்தன். போட்டோக் கல்லு இல்லை எண்டு எந்த வாயாலை சொல்லுறது? கடைசியிலை சிலேற்றுக் கல்லு நட்டாச்சு எண்டு அண்ணி படம் அனுப்ப, ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தன். தங்கச்சி போனைப் பிடிக்க, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டப் பாத்தா.

"அம்மா, படம் வைக்க விடேல்லை. சின்னக் கல்லுத்தான். ஆனால் பேர் தமிழிலை கிடக்கு" எண்டன்.

"மதிலோரமோ வைச்சிருக்கினம்?" எண்டா அம்மா. "நல்லம். அங்கை நிண்டுதான் என்னோடை கதைக்கிறவன். உள்ளை சிக்னல் இல்லையெண்டு. ஞாயிறு பூசை முடிஞ்சு நேரை வந்து அந்த மதிலிலை இருந்துதான் எடுப்பான். தோய்ச்ச சீற்றைக் காட்டுவான், வௌவால் குட்டி போட்டிருக்கு எண்டு காட்டுவான். கதவு சாத்தின மனுசி எப்பிடி இருக்கிறா?"

நான் திகைச்சுப்போனன். "உங்களுக்குத் திருமதி பிரைஸின்ரை கதையும் தெரியுமோ?"

"தெரியாமல்? ஒரு மாரி முழுக்க அதைத்தானே சொல்லிக் கவலைப்பட்டவன்."

"அப்ப படம் வைக்கேலாது எண்டதும்..."

"அதுவும் தெரியும். அம்மா, எனக்குப் படம் இராது, குறை நினைக்காதேங்கோ எண்டு சொன்னவன்."

"பிறகேன் அம்மா என்னை மறிக்கேல்லை? நான் உங்களுக்காக எண்டுதானே..."

"எனக்கெண்டு சொல்லாதை தம்பி" எண்டா அம்மா, மெல்லமா. "கல்லு உனக்குத்தான் தேவையாக் கிடந்தது. சரி, செய்துபோட்டு ஆறட்டும் எண்டு விட்டனான்."

நான் அழுதன். அம்மா அழ விட்டா.

அண்டையிலை இருந்து ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவுக்கு எடுக்கிறன். கோப்பை கழுவாமல், ரீவி போடாமல், கதிரையிலை இருந்து. "அண்ணை வேறை என்ன சொன்னவர்?" எண்டு கேக்கிறன். அம்மா சொல்லுவா. பாடல் குழுவிலை சேந்து வேல்ஸ் பாசையிலை பாடப் பழகினவராம். கோயிலடியிலை ஒரு முருங்கை நட்டுப் பாத்து மூண்டு தரம் குளிருக்குச் செத்துப்போச்சாம். நான் கனடா போன அண்டு லண்டனிலை இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் இருந்தவராம், நான் போய்ச் சேந்த சேதி வருமட்டும். கேட்டதை எல்லாம் அனிற்றாவுக்குச் சொல்லுறன்.

போன ஞாயிறும் எடுத்தன். "வேறை என்ன சொன்னவர் அம்மா?" எண்டன்.  அம்மா தங்கச்சியிட்டையும் ஏதோ கேட்டுப் பாத்தா.

"இல்லை தம்பி. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லி முடிஞ்சுது" எண்டா. பிறகு, ஒரு கோவமும் இல்லாமல், "மிச்சத்தை நீ அவனிட்டைக் கேட்டிருக்க வேணும்" எண்டா.